இரண்டு எழுத்துக்கு விட்ட இடம்

1980களின் நடுவில் கலிஃபோர்னியா, அரிசோனா பக்கம் எடுத்த சரக்கு ரயில் படங்களைப் புரட்டினால் ஒரு வகை எஞ்சின் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். உடம்பு சிவப்பு, உச்சி கறுப்பு, மூக்கு மஞ்சள். சிவப்பின் மேல் பெரிய மஞ்சள் எழுத்தில் ‘எஸ்எஃப்’ என்று இருக்கும். நிறத்தைக் காட்டிலும் முதலில் உறுத்துவது அந்த எழுத்து நிற்கும் இடம்தான். நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. பக்கத்தில் அதே அகலத்துக்கு வெறும் சிவப்பு. முதன்முதலில் பார்த்தபோது பெயிண்டர் அளவெடுக்கத் தவறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் இன்னொரு படம் கிடைத்தது. அதே நிறம், அதே மாதிரி எழுத்து, ஆனால் ‘எஸ்பி’. அதுவும் ஓரமாகத்தான், எதிர் ஓரத்தில். இரண்டு படத்தையும் மனசுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பெயர் முழுசாகிறது: எஸ்பிஎஸ்எஃப்.

சதர்ன் பசிபிக், சான்டா ஃபே என்ற இரண்டு பெரிய அமெரிக்க ரயில் கம்பெனிகள் ஒன்றாகப் போகின்றன என்று உறுதியாக நம்பி, அரசின் ஒப்புதல் வருவதற்கு முன்பே முந்நூறுக்கும் மேற்பட்ட எஞ்சின்களுக்கு இப்படி நிறம் பூசின. ஒப்புதல் வரவே இல்லை. நிரப்ப வேண்டிய இடம் நிரம்பாமலே அந்த எஞ்சின்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின.

ரயில் சின்னங்களின் வரலாற்றில் இதைவிட அழகான சின்னங்கள் எத்தனையோ உண்டு. இருந்தாலும் நான் எடுத்துக்கொள்ள விரும்புவது இந்த நிகழ்வைத்தான். ரயிலின் பக்கவாட்டில் எழுதும் எழுத்து அலங்காரம் ஆவதற்கு முன்னால் ஓர் உரிமைப் பேச்சு. ‘இது என்னுடையது’ என்று ஊரறியச் சொல்வது. அந்தப் பேச்சைச் சட்டத்துக்கு முன்னால் பெயிண்ட் பேசிவிட்டால் என்ன ஆகும் என்பது இங்கே கண்ணால் பார்க்கும்படி இருக்கிறது.

சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும்

அமெரிக்க ரயில்வே தொடக்கம் முதலே தனியார் கம்பெனிகளால் ஆனது. நூற்றுக்கணக்கான கம்பெனிகள், ஒருவருடைய சரக்குப் பெட்டி இன்னொருவருடைய தண்டவாளத்தில் வாரக்கணக்கில் சுற்றிவிட்டு வரும். பெட்டி யாருடையது, வாடகை யாருக்குப் போக வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பெட்டியிலும் அடையாள எழுத்து தேவைப்பட்டது. இரண்டு முதல் நான்கு எழுத்து, அதையடுத்து எண். ‘ஏடிஎஸ்எஃப்’ என்றால் சான்டா ஃபே. அதன் முழுப்பெயர் அட்சிசன், டொபீகா அண்ட் சான்டா ஃபே. ‘எஸ்பி’ என்றால் சதர்ன் பசிபிக். கடைசி எழுத்து ‘எக்ஸ்’ என்று முடிந்தால் அந்தப் பெட்டி எந்த ரயில் கம்பெனிக்கும் சொந்தமில்லை, வேறொரு தனியாருடையது என்று பொருள். நம்மூர் ரயில் பெட்டியில் மண்டலத்தின் பெயர்ச் சுருக்கமும் எண்ணும் இருக்கிறதே, ஏறக்குறைய அந்த வேலைதான். ஆனால் இங்கே பெரும்பாலும் ஒரே முதலாளியின் பெட்டி; அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு பணக்கணக்கு இருக்கிறது. கம்பெனி மறைந்தாலும் அந்த எழுத்து உடனே மறைவதில்லை. வாங்கியவரின் சொத்தாகி, பழைய பெட்டிகளில் பல ஆண்டுகள் தொடரும்.

இதுதான் சின்ன எழுத்து. கணக்கருக்கும் யார்டு ஊழியருக்கும் உரியது.

பெரிய எழுத்து வேறு. அதை எழுத எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. கம்பெனிப் பெயர், சின்னம், விளம்பர வாசகம் எல்லாம் ஊர் மக்கள் பார்ப்பதற்காக எழுதியவை. 19ஆம் நூற்றாண்டின் நீராவி எஞ்சின்களுக்குக் கப்பல் மாதிரி தனிப்பெயர் வைத்து, தங்க இலை ஒட்டி, மெல்லிய கோடுகள் இழுத்து அலங்கரித்தார்கள். எஞ்சின்கள் பெருகி, கரிப்புகையும் கூடியபோது அந்த ஆடம்பரம் போய், கறுப்பு உடம்பில் வெள்ளையிலோ தங்க நிறத்திலோ அகலமான ரோமன் பெரிய எழுத்துகள் வந்தன. தொலைவிலிருந்தும், ஓடும்போதும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து, இடைவெளியைத் தாராளமாக விட்டார்கள். ஒர்க்‌ஷாப் பெயிண்டர்கள் முழு அளவுக் காகிதத்தில் எழுத்தின் ஓரத்தை ஊசியால் குத்தி, அதை எஞ்சினில் ஒட்டி, சுண்ணப்பொடி மூட்டையால் தட்டிப் புள்ளிக்கோடு எடுப்பார்கள், பிறகு தூரிகை. நம்மூர்ச் சுவர் விளம்பரக் கலைஞர்களின் கைக்கும் பழகிய முறை அது.

1930களில் டீசல் எஞ்சின் வந்ததும் நிலைமை மாறியது. கொதிகலன், குழாய், சக்கரக் கம்பிகள் எல்லாம் போய், மழமழவென்று நீண்ட தகட்டுச் சுவர் கிடைத்தது. அதுவரை எழுத்துக்குக் கிடைக்காத அளவுக்குப் பெரிய பலகை அது. எஞ்சின் விற்கும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியே வடிவமைப்பாளர்களை வைத்து, எஞ்சினோடு சேர்த்து நிறத்திட்டமும் வரைந்து கொடுத்தது.

இரண்டு முகங்கள்

அப்படி வந்தவற்றில் மிகப் புகழ்பெற்றது சான்டா ஃபேயின் ‘வார்பானெட்’. 1937இல் சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ஓடிய சூப்பர் சீஃப் என்ற சொகுசு வண்டிக்காக ஜெனரல் மோட்டார்ஸின் லேலண்ட் நிக்கர்பாக்கர் வரைந்தது. மூக்கில் தொடங்கும் சிவப்பு, வளைந்து பின்னோக்கி ஓடி மெலியும். ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமான கோடு. மீதி உடம்பு வெள்ளி. அமெரிக்கப் பழங்குடித் தலைவர் அணியும் இறகுத் தலையணி பின்னால் பறப்பதுபோல இருப்பதால் அந்தப் பெயர். மூக்கின் நடுவில், வட்டத்துக்குள் சிலுவை என்ற பழைய சான்டா ஃபே சின்னத்தை நீட்டி இழுத்த வடிவம். ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட இதைப் பொம்மை ரயிலிலாவது பார்த்திருப்பார்கள்.

அந்தக் கம்பெனி தன் பெயரை எவ்வளவு பொத்திப் பாதுகாத்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லியாக வேண்டும். 1971இல் அமெரிக்காவின் பயணி ரயில்கள் பெரும்பாலும் ஆம்ட்ராக் என்ற புதிய அமைப்பின் கைக்குப் போயின. சான்டா ஃபே தன் வண்டிகளின் ‘சீஃப்’ என்ற பெயரையும் பயன்படுத்த அனுமதித்தது. சேவையின் தரம் இறங்கியது என்று தோன்றியதும் 1974இல் அந்தப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வண்டி பத்து ஆண்டுகள் ‘சவுத்வெஸ்ட் லிமிடெட்’ என்ற பெயரில் ஓடி, 1984இல்தான் ‘சவுத்வெஸ்ட் சீஃப்’ ஆனது. வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெயரைத் தன் கையில் வைத்துக்கொண்ட கம்பெனி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணி வண்டிகள் போனதும் வார்பானெட்டின் சிவப்பும் வெள்ளியும் மறைந்தன. சரக்கு எஞ்சின்களில் அதே வளைவு இருந்தது. நிறம் மட்டும் நீலமும் மஞ்சளும்.

சதர்ன் பசிபிக்கும் 1937இல் தன் பங்குக்கு ஒன்று செய்தது: லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஓடிய டேலைட் வண்டிக்குச் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு. கண்ணைப் பறிக்கும் வண்டி. ஆனால் 1958இல் செலவைக் குறைக்க எல்லா எஞ்சினுக்கும் ஒரே திட்டம் என்று முடிவாகி, உடம்பு முழுக்கச் சாம்பல், மூக்கு மட்டும் சிவப்பு என்றாகியது. ரயில் ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரத்த மூக்கு’. சாம்பல் உடம்பில் ‘சதர்ன் பசிபிக்’ என்று நீளமாக வெள்ளை ரோமன் எழுத்து. சுரங்கப்பாதைப் புகையிலும் பாலைவனப் புழுதியிலும் சாம்பல் சீக்கிரம் கறுத்துப்போகும். வெள்ளை எழுத்து மட்டும் மங்கலாகத் தெரியும். எனக்கு அந்தக் கறுத்த எஞ்சின்கள் பிடிக்கும். வேலை செய்து அழுக்கான சட்டைக்கு இருக்கும் ஒரு கம்பீரம் அவற்றுக்கு உண்டு.

இரண்டு பெயரை எப்படிச் சேர்ப்பது

இணையும் கம்பெனிகள் பெயரை எழுதுவதில் சந்திக்கும் சிக்கல் புதிதல்ல. 1968 பிப்ரவரி 1ஆம் தேதி, ஒருவரையொருவர் நூறாண்டு எதிர்த்த பென்சில்வேனியா ரெயில்ரோடும் நியூயார்க் சென்ட்ரலும் சேர்ந்து பென் சென்ட்ரல் ஆயின. ‘பி’, ‘சி’ என்ற இரண்டு எழுத்தையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஒரு சின்னம் செய்தார்கள். பார்க்க ஒரே எழுத்துபோல இருக்கும். ‘இணைசேரும் புழுக்கள்’ என்று ரசிகர்கள் அதைக் கேலி செய்தார்கள். சின்னத்தில் பின்னிய அளவுக்கு உள்ளே எதுவும் பின்னவில்லை. ஒருவர் பழக்கம் இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை, கணினிகள் ஒன்றோடொன்று பேசவில்லை, பெட்டிகள் தொலைந்தன. 1970 ஜூன் 21இல் கம்பெனி திவாலானது. இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை.

1982இல் யூனியன் பசிபிக் வேறு வழியில் போனது. மிசௌரி பசிபிக்கை எடுத்துக்கொண்டதும் அதன் நீல எஞ்சின்களைத் தன் மஞ்சளுக்கு மாற்றியது. எழுத்து மட்டும் கொஞ்ச காலத்துக்கு ‘மிசௌரி பசிபிக்’ என்றே இருந்தது. நிறம் புதிய வீட்டுடையது, பெயர் பிறந்த வீட்டுடையது. ஊழியர்களின் மனசு பழக இது நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே ஒப்புதல் முதலில் வந்தது, நிறம் பிறகு வந்தது.

1983 முதல் 1986 வரை

இணையலாம் என்பது சான்டா ஃபேயும் சதர்ன் பசிபிக்கும் 1980இலேயே பேசிப் பார்த்து விட்டுவிட்ட பேச்சு. சுற்றிலும் எல்லோரும் இணைந்துகொண்டிருந்தார்கள். 1980இல் பர்லிங்டன் நார்தர்ன், ஃபிரிஸ்கோ என்ற இன்னொரு ரயில் கம்பெனியை எடுத்துக்கொண்டது. கிழக்கே இணைப்பில் பிறந்த கம்பெனிகள்: அதே ஆண்டு சிஎஸ்எக்ஸ், 1982இல் நார்ஃபோக் சதர்ன். மேற்கே யூனியன் பசிபிக் ஒரே அடியில் மிசௌரி பசிபிக்கையும் வெஸ்டர்ன் பசிபிக்கையும் சேர்த்துக்கொண்டது. மீதி இருந்த இருவர் தனியாக நின்றால் நசுங்கிப்போவோம் என்று பயந்ததில் ஆச்சரியமில்லை. இத்தனை இணைப்புக்கும் சரி என்று சொன்ன அரசு ஆணையம் தங்களுக்கு மட்டும் இல்லை என்று சொல்லாது என அவர்கள் நம்பியதிலும் ஆச்சரியமில்லை.

1983 டிசம்பர் 23ஆம் தேதி இரண்டின் தாய்க் கம்பெனிகளும் இணைந்து சான்டா ஃபே சதர்ன் பசிபிக் கார்ப்பரேஷன் உருவானது. ரியல் எஸ்டேட், எண்ணெய், கனிமம் போன்ற தொழில்களை இணைப்பதற்குத் தடை இல்லை. ரயிலுக்குத்தான் மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதுவரை சதர்ன் பசிபிக் ரயில்வேயின் பங்குகளை ஒரு தனி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். பங்கு புதிய தாய்க் கம்பெனியுடையதுதான், ஆனால் அதை வைத்து ரயிலை நடத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நிச்சயதார்த்தம் முடிந்து, பெண் இன்னும் பிறந்த வீட்டிலேயே இருக்கிற நிலை.

இந்த இடைக்காலத்தில்தான், 1985இல், புதிய நிறம் வந்தது.

வடிவமைப்பு

அதன் எல்லாக் கூறிலும் கவனம் தெரிகிறது. ஒருவரிடமிருந்து மஞ்சள், இன்னொருவரிடமிருந்து சிவப்பு. ஒருவருடைய நீலமும் இன்னொருவருடைய சாம்பலும் விலகிக்கொள்ள, இருவருக்கும் பொதுவாகக் கறுப்பு உள்ளே வந்தது. யாரும் தோற்றதாகத் தெரியாத நிறக்கணக்கு. மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக, கோடக் கம்பெனியின் கோடாக்ரோம் ஃபிலிம் பெட்டியை ஞாபகப்படுத்தியதால் ரசிகர்கள் இதை ‘கோடாக்ரோம்’ என்றே அழைத்தார்கள். இன்றுவரை அந்தப் பெயர்தான்.

எழுத்துதான் இதில் நுட்பமான பகுதி. நான்கு எழுத்துப் பெயரை எழுத வேண்டிய இடத்தில், சதர்ன் பசிபிக் எஞ்சின்களில் முதல் இரண்டை மட்டும் எழுதினார்கள். சான்டா ஃபே எஞ்சின்களில் கடைசி இரண்டை மட்டும். அனுமதி கிடைத்த அன்று மீதி இரண்டு எழுத்தை எழுதிவிட்டால் போதும். முழு எஞ்சினையும் மறுபடி ஷெட்டுக்குள் கொண்டுபோய்ச் சுரண்டிப் பூச வேண்டாம். அனுமதி கிடைக்கும்வரை எழுதிய இரண்டும் அந்தந்தக் கம்பெனியைச் சரியாகவே குறிக்கும். பொய் சொல்லவில்லை, ஆனால் பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான விளைவு பிறந்தது. ஆங்கில எழுத்து எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் இடமிருந்து வலமாகத்தான் ஓடும். எஞ்சினோ ஒரு பக்கம் இடது நோக்கியும் மறுபக்கம் வலது நோக்கியும் நிற்கும். அதனால் சான்டா ஃபே எஞ்சினின் ஒரு பக்கத்தில் ‘எஸ்எஃப்’ வால் பக்கமும், மறுபக்கத்தில் டிரைவர் அறையை ஒட்டியும் வரும். காலி இடமும் அதற்கேற்ப முன்னும் பின்னுமாக இடம் மாறும். சதர்ன் பசிபிக்கில் இதற்கு நேர் எதிர். ஒரே கம்பெனியின் இரண்டு எஞ்சின் எதிரெதிராகப் போனால் பார்ப்பவருக்கு எழுத்து இடம் மாறித் தெரியும். சாதாரணமாக நடுவில் எழுதும் பெயருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பென் சென்ட்ரலோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு எழுத்தும் பிரிக்க முடியாதபடி பின்னியவை. இங்கே ஒவ்வொரு பாதியும் தனியாக நிற்கக்கூடியது, வெட்டினால் காயமில்லாமல் பிரியும். வரைந்தவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்களா, நான்கு எழுத்து தானாக அப்படி அமைந்ததா என்பது இருக்கட்டும். பிரிவு வந்தபோது இந்த அமைப்பு கை கொடுத்தது.

அப்படியானால் தவறு எங்கே? பெயிண்ட் செலவைக் காரணமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினுக்கு எப்படியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறம் பூசத்தான் வேண்டும்; பழைய நிறத்துக்குப் பதில் புதிய நிறம் பூசியதால் பெரிய நஷ்டம் வந்திருக்க முடியாது. என் பார்வையில் தவறு, காலி இடத்தை எல்லோரும் பார்க்கும்படி விட்டதுதான். ஒவ்வொரு லெவல் கிராசிங்கிலும் அது ‘முடிவு தெரிந்துவிட்டது, மீதியை எழுத வேண்டியதுதான் பாக்கி’ என்று சொல்லிக்கொண்டே போனது. விசாரணை நடந்துகொண்டிருந்தது.

தீர்ப்பு

1986 ஜூலை 24ஆம் தேதி ஆணையம் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் இணைப்பை நிராகரித்தது.

நிறத்தைப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. காரணம் வரைபடத்தில் இருந்தது. யூனியன் பசிபிக் இணைந்த கம்பெனிகளின் தடங்கள் பெரும்பாலும் முனையோடு முனை சேர்ந்தவை. இந்த இரண்டின் தடங்களோ அருகருகே ஓடியவை. தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சஸ் வரைக்கும், கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கிலும், சரக்கு அனுப்புபவருக்கு இவர் இல்லையென்றால் அவர் என்றுதான் இருந்தது. இருவரும் ஒருவரானால் அந்த ‘அவர்’ இல்லாமல் போவார்.

தெஹாச்சப்பி மலைத்தடத்தைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். சதர்ன் பசிபிக் 1876இல் கட்டிய தடம். மலை ஏற வழியில்லாமல் ஓரிடத்தில் தடம் ஒரு முழு வட்டம் அடித்துத் தன்னையே மேலே கடக்கும்; நீளமான ரயிலின் தலை மேலே போகும்போது வால் கீழே சுரங்கத்துக்குள் இருக்கும். அந்தத் தடத்தில் சான்டா ஃபே வாடகை கொடுத்து ஓட்டியது. போட்டியாளர்கள் இருவரும் ஒரே மலைத்தடத்தில். ஓடுகிற தடம் ஒன்றுதானே, முதலாளியும் ஒருவரானால் என்ன என்று கேட்கலாம். ஆனால் சரக்குக்காரர் பேரம் பேசுவது தடத்தோடு அல்ல, கம்பெனியோடு. அங்கே இரண்டு பெயர் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. ஆணையம் காப்பாற்றியது அந்த இரண்டு பெயரைத்தான் என்று நான் சொல்வேன்.

போட்டிக் கம்பெனிகளுக்குத் தங்கள் தடத்தில் ஓடும் உரிமையைத் தருகிறோம் என்று முன்பே இறங்கி வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். தீர்ப்புக்குப் பிறகு அப்படிச் சில விட்டுக்கொடுப்புகளோடு மறுபரிசீலனை கேட்டார்கள். 1987 ஜூன் 30இல் அதுவும் நிராகரிக்கப்பட்டது. இரண்டில் ஒரு ரயில்வேயை விற்றே ஆக வேண்டும் என்றாகியது. தாய்க் கம்பெனி சான்டா ஃபேயை வைத்துக்கொண்டு, சதர்ன் பசிபிக்கை விற்றது. தொழிலதிபர் ஃபிலிப் அன்ஷூட்ஸின் ரியோ கிராண்டே இண்டஸ்ட்ரீஸ், அதாவது ரியோ கிராண்டே ரயில்வேயின் தாய்க் கம்பெனி, 1988 அக்டோபரில் அதைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது.

எஸ்பிஎஸ்எஃப் என்ற நான்கு எழுத்துக்கு ரயில் ஊழியர்களும் ரசிகர்களும் ஒரு விரிவு சொன்னார்கள்: ‘ஷுடன்ட் பெயின்ட் ஸோ ஃபாஸ்ட்’. அவ்வளவு அவசரமாகப் பெயிண்ட் அடித்திருக்கக் கூடாது என்பது பொருள். முதலெழுத்துகள் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன.

பிறகு நடந்தது

இதற்குப் பிறகு இரண்டு கம்பெனிகளும் தங்கள் முகத்தை எப்படி மீட்டன என்பதில் இரண்டு விதமான மனப்போக்கு தெரிகிறது.

சான்டா ஃபே கோடாக்ரோமை உடனே நிறுத்திவிட்டு நீலம், மஞ்சளுக்குத் திரும்பியது. 1989இல் மைக் ஹேவர்ட்டி தலைவராக வந்ததும் அதோடு நிற்காமல், பயணி வண்டிகளோடு போய்விட்ட பழைய சிவப்பு வெள்ளி வார்பானெட்டையே வெளியே எடுத்தார். முதலில் சில பழைய எஞ்சின்களுக்கு, பிறகு 1990இல் வந்த புதிய எஞ்சின்களுக்கு. இழுப்பது கன்டெய்னர் வண்டிகளைத்தான், ஆனால் முகம் சூப்பர் சீஃபின் முகம். பெயரைக் கையில் வைத்துக்கொண்ட கம்பெனி என்று முன்பு சொன்னேனே, அந்தக் குணம்தான் இது. பாதிப் பெயரோடு நின்ற ஒரு கம்பெனிக்கு, தன் முழுப்பெயரை இதைவிட உரக்கச் சொல்ல வேறு வழி இருந்திருக்குமா? ஐம்பது ஆண்டு பழைய ஓவியத்தை ஒரு சரக்கு ரயில் கம்பெனி தன் புதிய அடையாளமாக்கியதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். வெறும் ஏக்கத்தில் செய்த வேலை அல்ல அது. சரக்கு அனுப்புபவர்களுக்கும் ஊழியர்களுக்கும் ‘நாங்கள் இன்னும் இருக்கிறோம்’ என்று அது சொன்னது.

சதர்ன் பசிபிக்கிடம் அவ்வளவு பணம் இல்லை. சாம்பலும் ரத்த மூக்கும் திரும்பின, ஆனால் இருக்கிற கோடாக்ரோம்களை அவசரமாக மாற்ற முடியவில்லை. 1990களிலும் அவை வெளுத்து, புகைபடிந்து, ‘எஸ்பி’யும் காலி இடமுமாக ஓடிக்கொண்டிருந்தன. வாங்கியது ரியோ கிராண்டே என்றாலும், ஊரறிந்த பெயர் என்பதால் சதர்ன் பசிபிக் என்ற பெயரையே முழுக் கம்பெனிக்கும் வைத்துக்கொண்டார்கள். 1991இல் எழுத்து வடிவம் மட்டும் மாறியது. நேராக நின்ற ரோமன் எழுத்துகள் போய், வேகத்தில் சாய்ந்ததுபோன்ற எழுத்து வந்தது. ரியோ கிராண்டே எஞ்சின்களில் பல பத்தாண்டுகள் இருந்த பாணி. பெயர் வாங்கப்பட்டவருடையது, கையெழுத்து வாங்கியவருடையது. ரியோ கிராண்டேயில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சாய்வு எதைச் சொன்னது என்று விளக்கத் தேவையிருந்திருக்காது.

அந்த ஏற்பாடும் நீடிக்கவில்லை. 1996 செப்டம்பரில் சதர்ன் பசிபிக்கை யூனியன் பசிபிக் விழுங்கியது. பத்து ஆண்டு முன்பு மறுக்கப்பட்டதற்குச் சற்றும் சின்னதல்லாத இணைப்பு. இம்முறை போட்டியாளருக்கு ஆயிரக்கணக்கான மைல் தடத்தில் ஓடும் உரிமையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள், அனுமதி கிடைத்தது. 2006இல் யூனியன் பசிபிக் தான் விழுங்கிய கம்பெனிகளை நினைவுகூர்ந்து சில எஞ்சின்களுக்குப் பழைய நிறங்களைப் பூசியபோது சதர்ன் பசிபிக்குக்கும் ஒன்று கிடைத்தது. அதன் எண் 1996.

கோடாக்ரோம் ஃபிலிம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த எஞ்சின்களைப் படமெடுத்தவர்கள் பலருடைய கேமராவில் இருந்ததும் அதே ஃபிலிம்தான். அமெரிக்க ரயில் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியது அதன் சிவப்பை. 2009இல் கோடக் அதன் தயாரிப்பை நிறுத்தியது. உலகில் கடைசியாக அதைக் கழுவிக்கொடுத்த இடம் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்தது. 2010 டிசம்பர் கடைசியில் அங்கேயும் வேலை நின்றது. அந்தக் கடைசி நாட்களில் ஆர்கன்சாஸிலிருந்து ஒரு ரயில்வே ஊழியர் காரில் வந்து, கழுவிய தன் 1,580 சுருள்களை வாங்கிப் போனார். அத்தனையும் ரயில் படங்கள்.

இன்னொன்று பாக்கி. சான்டா ஃபேயும் தனியாக நிற்கவில்லை. 1995 செப்டம்பர் 22ஆம் தேதி அதன் தாய்க் கம்பெனி பர்லிங்டன் நார்தர்னோடு இணைந்தது. இம்முறை அனுமதி கிடைத்திருந்தது. புதிய ரயில்வேயின் பெயர் பிஎன்எஸ்எஃப். கோடாக்ரோம் எஞ்சின்களில் ‘எஸ்எஃப்’ வலது பாதியில் இருந்தது. காலி இடம் இடது பாதியில், இரண்டு எழுத்து அகலத்துக்கு.